மாசக் கடைசி சனிக்கிழமை படம்: ஒரு சவுண்டுக்காரன் பாத்துட்டு வந்து எழுதுறது

மொதல்லயே உண்மையச் சொல்லிடுறேன், நான் அங்க படம் பாக்கப் போகல, சவுண்டு எப்புடி வச்சிருக்காங்கன்னு பாக்கத்தான் போனேன். ஹட்டன் பக்கம் இருவது வருசத்துக்கு மேல சவுண்ட் சேர்விஸ் செய்றவன் நான், கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியம், மே தினக் கூட்டம், எலெக்சன் வந்துட்டா எந்தக் கட்சிக்காரன் கூப்பிட்டாலும் போவேன், சீசன் நேரத்துல சிவனொளிபாதமலை ரோட்டுல தண்ணிப் பந்தலுக்குக் கூட குழாய் கட்டியிருக்கேன். அப்புடிப்பட்டவன்கிட்ட மச்சினன் வந்து, டிக்கோயாவுக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்து ஹோல்ல மாசா மாசம் கடைசி சனிக்கிழமை கொலேஜ்ல படிக்கிற ஒரு புள்ள படம் போடுது, சவுண்டு தியேட்டர் மாதிரி இருக்குன்னு சொன்னா எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. எந்த ஹோல்னு கேட்டா, நான் ரெண்டு தடவ ஏச்சு வாங்கின அதே ஹோல்.

அந்த ஹோலப் பத்திச் சொல்லியே ஆகணும். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் மொட்டச் சுவர், அறுவது அடி நீளம் இருக்கும். நடுவுல நின்னு ஒருக்கா கை தட்டினா மூணு தட்டாத் திரும்பி வரும். அங்க ஒரு கலியாணத்துல ஐயர் சொன்ன மந்திரம் பக்கத்துல உக்காந்திருந்த மாப்பிள்ளைக்கே வெளங்கல, ஐயர ஒருத்தரும் ஏசல, என்னையத்தான் ஏசினாங்க. ரெண்டாவது தடவ வெளங்கட்டும்னு பின்னால ரெண்டு பொக்ஸ் சேத்து வச்சேன், அது இன்னும் மோசம். ஏன்னா சத்தம் ஒரு செக்கனுக்கு சுமாரா 340 மீற்றர்தான் போகும், முன்னுக்கு இருக்கிற பொக்ஸ்ல இருந்து பின் வரிசைக்கு வந்து சேர ஒரு செக்கன்ல இருவதுல ஒரு பங்கு எடுக்கும், பின் பொக்ஸ் சத்தம் அதுக்கு முந்தியே காதுல விழுந்துரும், எல்லாச் சொல்லும் ரெண்டு ரெண்டாக் கேட்கும். இது எனக்கு அன்னைக்குத் தெரியாது. பொறகு தெரிஞ்சிக்கிட்டேன், ஆனா அந்த ஹோலுக்கு திரும்ப யாரும் என்னையக் கூப்பிடல.

சரி, போன மாசம் போனேன். 150 ரூவா டிக்கெட், பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குக் காசில்ல. உள்ள போனதும் நான் பாத்தது சுவரத்தான். ரெண்டு பக்கச் சுவர்லயும் கயிறு கட்டி கம்பளி தொங்குது, மலைக்குப் போறப்ப பொம்பளைங்க தலையில போட்டுக்கிட்டுப் போற அதே கம்பளி, இருவது இருவத்தஞ்சு இருக்கும், நடுவுல ரெண்டு பழைய மெத்தை வேற. பின் சுவர்ல படங்கு. கை தட்டிப் பாத்தேன், ஒரு தட்டுதான் வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், ஒரு நிமிசம் எனக்கு அழுகை வராத கொற. இருவது வருசமா அம்ப் வாங்கினேன், மிக்ஸர் வாங்கினேன், எக்கோ கொறைக்கிறதுக்குன்னு கொழும்புல போய் ஒரு மெசின் வாங்கி காசத் தொலைச்சேன், கம்பளியக் கொண்டாந்து தொங்கப் போடணும்னு ஒரு நாளும் தோணல. கம்பளி குடுத்தவங்க எல்லாம் அதே தோட்டத்து அக்காமாரு, படம் முடிஞ்சதும் அவங்கவங்க கம்பளிய அவங்கவங்க எடுத்துப் போத்திக்கிட்டுப் போறாங்க, அந்தக் குளிருக்கு அதுவும் ஒரு வசதி.

இன்னொன்னு கவனிச்சேன். கம்பளி மேல் சத்தத்தத்தான் குடிக்கும், பாஸ், அதான் அடிச் சத்தம், அப்புடியே சுத்திக்கிட்டு நிக்கும். அதனால பாஸை நல்லாக் கொறச்சி வச்சிருந்திச்சு அந்தப் புள்ள. பொக்ஸும் ரெண்டே ரெண்டு, சின்னது, திரைக்கு ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்தா காது இருக்கிற உசரத்துக்கு. பின்னால ஒன்னும் இல்ல. இதையெல்லாம் யாரு செட் பண்ணினதுன்னு கேட்டா, வாசல்ல டிக்கெட் கிழிச்சிக்கிட்டு நின்ன அந்தப் புள்ளையத்தான் காட்டினாங்க. இருவத்தொன்னு இருவத்திரெண்டு வயசு இருக்கும், சுவெட்டர் கையில சோக்குத் தூள்.

ஆறு மணிக்குன்னு போட்டிருந்தத ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பிச்சாங்க, அத பொறகு ஏசுறேன். லைட்ட நிப்பாட்டினாங்க. திரையில ஒன்னும் இல்ல. கறுப்பு. புரஜெக்டர் போச்சுன்னு நெனச்சி என் கை தன்னாலயே கேபிளத் தேடுது, பழக்க தோசம். அப்ப சத்தம் மட்டும் வருது. சரசரன்னு ஒரு சத்தம், கொஞ்சம் நிக்கும், திரும்ப சரசரன்னு, நடுவுல ஒரு சங்கிலி உரசுற மாதிரி, ஒரு ஆம்பளக் கொரல் ஏதோ நம்பர் சொல்லுது. இருட்டுக்குள்ள அந்தப் புள்ள கேட்குது, "இது என்னா சத்தம்?" நான் சத்தமா "மழை"ன்னேன். சவுண்டுக்காரன் இல்லையா, பெருமை. பக்கத்துல இருந்த அக்கா சிரிச்சிட்டு, "மழையா? தம்பி, அது கொழுந்து கொட்டுற சத்தம், எடை போடுறாங்க"ன்னு சொன்னாங்க. அதுக்குப் பின்னால இருந்த இன்னொரு அம்மா அதுக்கும் மேல போயிட்டாங்க, "மத்தியான எடை"ன்னாங்க. எப்புடித் தெரியும்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. "காலைக் கொழுந்து ஈரத்தோட இருக்கும், சாக்குல இருந்து கொட்டினா பொத்துன்னு விழும். இது காஞ்ச கொழுந்து, சரசரன்னு சிந்துது. அந்தி எடைன்னா இவ்வளவு நேரம் சும்மா நிக்க மாட்டாங்க, எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம்."

பிறகு படம் வந்துச்சு. மத்தியான வெயில், தராசு, தரையில விரிச்ச படங்கு, கொழுந்து. பொம்பளைங்க பக்கம் ஒரே கைதட்டு, ஆம்பளைங்க எல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தோம். இப்புடி மூணு சத்தம் போட்டாங்க, ஒன்னு கூட எனக்குச் சரியா வரல, இத நான் என் வீட்டுல சொல்லல.

இடைவேளையில பிளேன்டீயக் கையில வச்சிக்கிட்டு அந்தப் புள்ளையக் கேட்டேன், இதெல்லாம் எங்கம்மா படிச்சேன்னு. சிரிச்சிக்கிட்டே சொன்ன கதை இதுதான். கண்டியில ஒரு கொலேஜ்ல மீடியா கோர்ஸ் செய்யுது. ஆசைப்பட்டது கெமராவுக்கு, ஆனா கெமரா ஒன்னு, கேட்ட புள்ளைங்க இருவது, ரேடியோ கிளாஸ்ல மட்டும் எடம் நெறைய இருந்திச்சாம். இந்தக் காலத்துல யாரு ரேடியோ படிப்பாங்கன்னு வேண்டா வெறுப்பாப் போய் உக்காந்திருக்கு. மொத நாள் சேர் பொஸ்தகம் ஒன்னும் எடுக்கலையாம், எல்லாரையும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், அர மணித்தியாலம் கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க, கேட்டத எழுதுங்கன்னு சொல்லியிருக்காரு. இந்தப் புள்ள எழுதினது ஒரே வரி, பஸ் சத்தம், ஆள் சத்தம். சேர் பேப்பரத் திருப்பிக் குடுத்து, "எந்த பஸ்? எந்த ஆள்?"னு மட்டும் கேட்டாராம். ஏசக் கூட இல்ல. திரும்பப் போய் உக்காந்தப்பதான் ஹட்டன் ஹட்டன் ஹட்டன்னு கத்துற கொண்டக்டரோட மூணாவது ஹட்டன் மட்டும் நீளமா இழுபடுறதும், லொத்தர் விக்கிறவரோட ஸ்பீக்கர்ல பெட்டரி எறங்குறதும், சில்லறை எண்றதும் காதுல விழுந்திச்சாம்.

அதுக்குப் பொறகு அந்த கிளாஸ்ல படிச்சதெல்லாம் நான் காசு குடுத்துப் படிச்சிருக்க வேண்டியது. மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சாண் விடணும், அதுவும் நேரா இல்லாம கொஞ்சம் சாய்ச்சி, இல்லாட்டி பானா வர்ற எடமெல்லாம் பொப் பொப்புன்னு அடிக்கும். எங்க ரெக்கோர்ட் பண்ணினாலும் ஒருத்தரும் பேசாம அர நிமிசம் அந்த எடத்து அமைதியத் தனியா எடுத்து வச்சிக்கணும், வெட்டி ஒட்டுறப்ப ஓட்டை விழுந்த எடத்துல அதப் போட்டு அடைக்கலாம். லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீட்டுக் காம்பராவோட அமைதி வேற, பள்ளிக்கூடத்தோட அமைதி வேற, ஒன்ன இன்னொன்னுல ஒட்டினா உடனே தெரிஞ்சிடுமாம். இருவது வருசமா நான் அமைதியக் கண்டாலே பயந்து ஒரு பாட்டப் போட்டு நெரப்புறவன், இந்தப் புள்ள அத டப்பாவுல போட்டு வைக்கிற மாதிரி சேத்து வச்சிருக்கு.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு வேலை. அஞ்சு நிமிச நிகழ்ச்சி செய்யணும், ஆனா நடுவுல ஒருத்தரும் பேசி வெளக்கம் குடுக்கக் கூடாது, வெறும் சத்தம் மட்டும். விடியக் காலைல அஞ்சு மணியில இருந்து தன்னோட அம்மாயிய ரெக்கோர்ட் பண்ணியிருக்கு, அடுப்பு ஊதுறது, பீலியில தண்ணி கொட்டுறது, இஸ்தோப்புத் திண்ணையில செருப்பத் தட்டுறது, காலையில பேர் குடுக்கிற பிரட்டுக்குப் போறப்ப கதவச் சாத்துறது. மார்க்ஸ் வந்ததும் அம்மாயிக்கும் போட்டுக் காட்டியிருக்கு. அவங்க கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுட்டு, "ஒலிச்சித்திரம் மாதிரி இருக்கு, மிச்சம் எங்க?"ன்னு கேட்டிருக்காங்க. புள்ளைக்கு ஒலிச்சித்திரம்னா என்னான்னே தெரியாது. அன்னைக்கு ராத்திரி அம்மாயி சொன்ன கதையில இருந்துதான் இந்தப் படக்காட்சியே ஆரம்பம்.

என் வயசுக்காரங்களுக்கு மேல உள்ளவங்களுக்கு அது என்னான்னு சொல்லத் தேவையில்ல, சின்னவங்களுக்காகச் சொல்றேன். நம்ம ரேடியோ 1925 டிசம்பர் 16ல கொழும்புல தொடங்கினது, தந்தி ஒபிஸ்ல எஞ்சினியரா இருந்த எட்வர்ட் ஹார்ப்பர்ங்கிற வெள்ளைக்காரர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலோட சாமானை வச்சி ட்ரான்ஸ்மிட்டர் கட்டினாருன்னு சொல்லுவாங்க, 100 வருசம் ஆச்சு. 1949ல ரேடியோ சிலோன்னு பேர் வந்துச்சு, 1967ல ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆச்சு. எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத்னு ஒரு வரிசை, அந்தக் கொரல்களுக்காக அக்கரையில தமிழ்நாட்டுலயும் ரேடியோவத் திருகிக்கிட்டு இருந்தாங்க. ஒலிச்சித்திரம்னா, படத்தோட வசனம், பாட்டு, சண்டைச் சத்தம், அழுகை எல்லாத்தையும் வெட்டி ஒட்டி ரேடியோவுல போடுறது. தோட்டத்துல இருக்கிறவங்க டவுனுக்குப் போய் தியேட்டர்ல படம் பாக்கணும்னா சம்பள நாள் வரணும், லொறியோ பஸ்ஸோ கெடைக்கணும், திரும்பி வர இருட்டிரும். ரேடியோவுக்கே அப்ப லைசன்ஸ் எடுக்கணும், ஒரு லயத்துல ஒருத்தர் வீட்டுல இருந்தா பெரிசு. அவரு வீட்டு இஸ்தோப்புல மொத்த லயமும் உக்காந்து படம் கேட்கும். எங்கம்மா ஒரு படத்த பத்து தடவ கேட்டிருப்பாங்க, நான் பெரியவனாகி சீடி வாங்கிட்டு வந்து அதையே போட்டுக் காட்டினப்ப, "இவனா கதாநாயகன்? நான் நெனச்சவன் இவனவிட நல்லா இருந்தானே"ன்னு எழும்பிப் போயிட்டாங்க.

ரேடியோவுல இருந்து படத்துக்குப் போறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. எஸ். ராம்தாஸ் எழுதி ரேடியோவுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச நாடகத்தத்தான் 1976ல கோமாளிகள்னு படமா எடுத்தாங்க, நம்ம நாட்டுத் தமிழ்ப் படங்கள்ல நல்லா ஓடினதுல அதுவும் ஒன்னு. வெளிநாட்டுலயும் அப்புடித்தானாம், செவ்வாய்க் கிரகத்துல இருந்து ஆள் வந்துட்டான்னு 1938ல ரேடியோ நாடகம் போட்டு அமெரிக்காவுல கொஞ்சப் பேர நடுங்க வச்ச ஓர்சன் வெல்ஸ் மூணே வருசத்துல பெரிய டைரக்டர் ஆயிட்டாருன்னு சேர் கிளாஸ்ல சொன்னாராம். எனக்கு ராம்தாஸ் போதும்.

இப்ப படத்துக்கு வருவோம். பெரிய படம் ஒன்னும் போடுறதில்ல, அத எதிர்பாத்துப் போனா ஏமாந்துருவீங்க. மலையகத்துப் புள்ளைங்க போன்லயும் சின்னக் கெமராவுலயும் எடுத்த குறும்படம்தான், எடுத்தவங்ககிட்ட கேட்டு வாங்கிப் போடுறாங்க, ஒரு ராத்திரிக்கு நாலு அஞ்சு. நான் பாத்ததுல ரெண்டு நல்லாருந்துச்சு, ஒன்னு பரவால்ல, ஒன்னு காதல் தோல்வி, அந்தப் பையன் மழையில நடந்துக்கிட்டே இருக்கான், முடிஞ்சா போதும்னு ஆயிருச்சு. ஆனா அந்தப் புள்ளையோட சொந்தப் படம் பன்னெண்டு நிமிசம், அம்மாயியோட ஒரு நாள், அதுக்காகவே போகலாம். வசனம் மொத்தமா நாலஞ்சு வரிதான். படத்த ஒரு போன்ல எடுத்து, சத்தத்த இன்னொரு போன்ல தனியா எடுத்திருக்கு, மைக் ஓட்டைக்கு மேல கம்பளிச் சாக்ஸ் மாட்டி, இல்லாட்டி மலைக் காத்து படபடன்னு அடிச்சி எல்லாத்தையும் கெடுத்துரும். ரெண்டையும் சேக்கிறதுக்கு ஒவ்வொரு ஷொட்டுக்கு முன்னாலயும் ஒரு கைதட்டு. கை சேர்ற படமும் தட்டுற சத்தமும் ஒரே எடத்துல வந்தா சரி. ஒரு எடத்துல அம்மாயி மலையில நிக்கிறாங்க, நாம தூரத்துல ரோட்டுல இருந்து பாக்குறோம், ஆள் விரல் அளவுதான் தெரியுது, ஆனா கொழுந்து கிள்ளுற டிக் டிக் சத்தம் காதுக்குள்ள கேட்குது. அவ்வளவு தூரத்துல இருந்து அது கேட்க ஏலாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இடைவேளைக்குப் பொறகு சின்னப் புள்ளைங்களோட பகுதி. சத்தமே இல்லாத ரெண்டு நிமிச வீடியோ ஒன்னப் போட்டு, முன்னுக்கு ஒரு மேசையில சாமான் பரப்பி, புள்ளைங்கள வந்து சத்தம் குடுக்கச் சொல்லுது. சொளகுல பருப்பப் போட்டு உருட்டினா மழை, பிஸ்கட் பேப்பரக் கசக்கினா அடுப்பு, ஈரத் துவாயத் தரையில அடிச்சா சேத்துல நடக்குறது. ஒரு பொடியன் அப்பாவோட தப்பையே தூக்கிட்டு வந்திருந்தான், காமன் கூத்து நேரத்துல அடிக்கிற தப்பு, அத விரல் நுனியால லேசாத் தட்டி இடி குடுத்தான் பாருங்க, என் சப் பொக்ஸ்ல கூட அப்புடி வந்ததில்ல. ஆனா எனக்கு மறக்காதது வேற. வீடியோவுல ஒரு எடத்துல முழுசா மிஸ்ட் மூடிருது, வெள்ளையத் தவிர ஒன்னும் இல்ல. "மிஸ்ட்டுக்கு என்னா சத்தம்?"னு கேட்டுச்சு அந்தப் புள்ள. பெரியவங்க நாங்க எல்லாம் முழிக்கிறோம். ஒரு சின்னப் பொட்டப்புள்ள, ஏழு எட்டு வயசு இருக்கும், எழும்பி, "பஸ் தெரியாது, ஹோர்ன் மட்டும் கேட்கும்"னு சொல்லி கைய வாய்க்கு முன்னால குவிச்சி தூரத்துல பஸ் வளைவுல ஹோர்ன் அடிக்கிற மாதிரி ஒன்னு குடுத்துச்சு. வட்டவளை பக்கம் அந்தி நேரம் பஸ்ல வந்தவங்களுக்கு நான் சொல்றது வெளங்கும்.

பின் வரிசை மூலையில மூணு ஹெட்போன் வச்சிருக்காங்க, வயர் போட்டது. கண்ணு தெரியாதவங்களுக்காம். அன்னைக்கு வந்திருந்தது ஒரு தாத்தா, தோட்டத்தோட மேல் பிரிவுல, மேல்கணக்குன்னு சொல்லுவோம், அங்க கங்காணியா இருந்தவரு, ரெண்டு கண்ணும் போயிருச்சு. படத்துல பேச்சு இல்லாத நேரத்துல அந்தப் புள்ள சின்ன மைக்ல மெதுவா என்னா நடக்குதுன்னு சொல்லும், அது அவருக்கு மட்டும் கேட்கும், நமக்கு இல்ல. நான் பக்கத்துல போய் நின்னு ஒட்டுக் கேட்டேன். "மலை பூரா பச்சையா இருக்கு தாத்தா"ன்னுச்சு. அவரு உடனே, "எந்தப் பச்சை? கவாத்து வெட்டி மூணு மாசத்துப் பச்சையா, இல்ல கொழுந்து முத்திக் கெடக்குற பச்சையா?"ன்னு கேட்டாரு. புள்ள ஒரு செக்கன் நின்னுச்சு, திரையப் பாத்துச்சு, "கவாத்து வெட்டினது தாத்தா, அடியில தண்டு தெரியுது, மேல மட்டும் இளசா"ன்னுச்சு. "ஆ, அப்ப சித்திரைக்குள்ள எடுக்கலாம்"னு அவரு சாஞ்சி உக்காந்தாரு. இடைவேளையில இதச் சொன்னப்ப புள்ள சொல்லுது, "சேர் கேட்ட அதே கேள்விதான் அண்ணே, தாத்தாவும் மார்க்ஸ் வெட்டுறாரு."

இன்னொரு விசயத்துக்காக அந்தப் புள்ளைக்கு நானே பொன்னாடை போத்தியிருப்பேன், ஆனா பொன்னாடை வேண்டாங்கிறதுதான் அந்த விசயம். நம்ம பக்கம் எந்த நிகழ்ச்சின்னாலும் ஒரு பெரிய மனுசன் வருவாரு, ரெண்டு வார்த்தை பேசுறேன்னு மைக்கப் பிடிப்பாரு, முக்கா மணித்தியாலம் போகும், நாங்க சவுண்டுக்காரங்க ஒன்னும் செய்ய ஏலாம பல்லக் கடிச்சிக்கிட்டு நிப்போம். அன்னைக்கும் ஒருத்தர் வந்தாரு. ரெண்டு நிமிசம்னு அந்தப் புள்ள முன்கூட்டியே சொல்லிச்சு. ரெண்டு நிமிசம் ஆனதும், மிக்ஸர்ல ஒரு விரல வச்சி அவரு கொரல மெதுவா, ரொம்ப மெதுவா எறக்கிக்கிட்டே இன்னொரு விரலால பாட்ட ஏத்திச்சு, ரேடியோவுல செய்தி முடியிறப்ப செய்வாங்களே, அப்புடியே. அவரு பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, வாய் ஆடுது, ஆனா சனம் கை தட்ட ஆரம்பிச்சிருச்சு, அவரும் தனக்குத்தான் கைதட்டுன்னு நெனச்சி கும்பிட்டுட்டு எறங்கிட்டாரு. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. இத மட்டும் எனக்கு இருவது வருசத்துக்கு முந்தி யாராவது சொல்லிக் குடுத்திருந்தா எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்.

சரி, இப்ப ஏசுறேன். முக்கா மணித்தியாலம் சுணங்கினது மன்னிக்க ஏலாது, ரேடியோ படிச்ச புள்ள, ரேடியோவுல ஒரு நிமிசம் சுணங்கினா என்னா ஆகும்னு அதுக்கே தெரியும். கேட்டா, மேல்கணக்குல இருந்து வர்ற அக்காமாரு வேல முடிஞ்சி சமைச்சி வச்சிட்டு வரணும், அவங்க வராம எப்புடிப் போடுறதுங்குது. அப்ப ஏழு மணின்னே போடுங்கம்மா, டவுன்ல இருந்து வர்றவன் ஏன் குளிர்ல நிக்கணும். புரஜெக்டர் மங்கல், ஜன்னலுக்கு அட்டை அடிச்சும் ரோட்டு லைட்டு உள்ள வருது, ராத்திரிக் காட்சி ஒன்னுல ஆள் யாரு மரம் எதுன்னே தெரியல. சிங்களப் படம் ஒன்னுக்குத் தமிழ் எழுத்து போட்டிருந்தாங்க, மூணாவது வரிசைக்கு அங்கிட்டு இருந்து வாசிக்கவே ஏலாது. கதிரை எல்லாம் பிளாஸ்டிக், ரெண்டு மணித்தியாலம் உக்காந்தா இடுப்பு ஒடையும், அதுலயும் யாராவது அசைஞ்சா கிரீச்சுன்னு ஒரு சத்தம், இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச புள்ள கதிரைக் காலுக்கு ரப்பர் போட மறந்துருச்சு. பரிப்பு வடை ஆறிப்போய் வந்துச்சு. பிளேன்டீ நல்ல டீ, நாம செய்ற தேயிலைய நாமளே நல்லாக் குடிக்கிறது அபூர்வம், அதுக்கு ஒரு மார்க் கூட.

எல்லாத்தையும் விடப் பெரிய கொற கூரை. கடைசிப் படம் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப மழை பிடிச்சிருச்சு, தகரத்துல மழைன்னா உங்களுக்குத் தெரியும், பக்கத்துல இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது. கம்பளிக்கு அது கட்டுப்படாது, அதுக்கு சீலிங் அடிக்கணும், சீலிங்குக்குத் தோட்டத்துல கேட்கணும், கேட்டா எப்ப நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நானா இருந்தா வொல்யூமக் கூட்டி ரெண்டு பொக்ஸையும் அலற விட்டிருப்பேன். அந்தப் புள்ள படத்த நிப்பாட்டிருச்சு. லைட்டப் போட்டு, "கொஞ்ச நேரம் இதக் கேட்போம்"னு சொல்லிட்டு தானும் உக்காந்திருச்சு. பத்து நிமிசம் இருக்கும், எழுவது எம்பது பேரு ஒன்னும் பேசாம மழையக் கேட்டுக்கிட்டு இருந்தோம். மொதல்ல எனக்குக் கடுப்புத்தான், காசு குடுத்து மழை கேட்கவா வந்தோம்னு. பொறகு பாத்தா தகரத்துல ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் விழுது, ஆணி விட்டுப்போன தகரம் எதுன்னு கூட சத்தத்துலயே தெரியுது. இடது பக்கம், வாசல்ல இருந்து மூணாவது. படம் முடிஞ்சி லைட்டு போட்டப்ப போய்ப் பாத்தேன், அதுக்கு நேர் கீழ தரை நனைஞ்சி கெடக்கு.

அந்தத் தகரத்த அடிச்சிக் குடுத்துட்டேன், மறுநாள் ஞாயித்துக்கிழமை ஏணியோட போய். கதிரைக் காலுக்கு ரப்பர் பழைய சைக்கிள் டியூப்புல வெட்டலாம்னு புள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். இந்த மாசத்துல இருந்து என்னோட பொக்ஸ் ரெண்டும் அங்க போகுது, வாடகை பேசியாச்சு, அரைவாசிக்குத்தான். அதனால நான் அஞ்சுக்கு நாலு குடுக்கிறத கொஞ்சம் யோசிச்சே எடுத்துக்குங்க.

போறவங்களுக்கு: ஹட்டன்ல இருந்து பொகவந்தலாவ பஸ்ல ஏறி டிக்கோயா தாண்டி எறங்கி பத்து நிமிசம் மேல ஏறணும், ரோட்டுல லைட்டு இல்ல, டோர்ச் வேணும். படம் விடுறப்ப திரும்பி வர பஸ் இருக்காது, நாலு பேர் சேந்து த்ரீவீல் பேசி வச்சிட்டுப் போங்க. கம்பளி இருந்தா ஒன்னு கொண்டு போங்க, வலது பக்கச் சுவர்ல இன்னும் ரெண்டு எடம் காலியாத்தான் இருக்கு.